ஆயாம்மாவுக்கு இரண்டு மார்க் கொடுங்கள்

போன வாரம் எங்கள் மருத்துவ மாணவர்களுக்கு ஆஸ்கி தேர்வு, அதாவது மேசை மேசையாகப் போய்ச் செய்துகாட்டும் தேர்வு. மேசைக்கு ஐந்து நிமிடம், மணி அடித்தால் அடுத்த மேசை. என் மேசையில், முதன்முதலாக இன்சுலின் போடப்போகும் நோயாளிக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். நோயாளியாக நடித்தது எங்கள் வார்டு ஆயாம்மா. அவருக்கு நிஜமாகவே சர்க்கரை உண்டு.

என் கையில் செக்லிஸ்ட். வணக்கம் சொன்னாரா, பெயர் சொன்னாரா, முகம் பார்த்துப் பேசினாரா, பரிவு காட்டினாரா, சந்தேகம் உண்டா என்று கேட்டாரா. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், சீனியர்களிடம் கேட்டு எல்லாம் தெரிந்துகொண்டு வருகிறார்கள். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதும்மா" என்று வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்தவர்கள் எத்தனையோ பேர். ஆயாம்மா அப்போது வாயையே திறந்திருக்கவில்லை.

ஒரு பையன் மழையாகப் பொழிந்தான். டோஸ், சர்க்கரை இறங்கிப்போகும் ஹைப்போ, ஊசி போடும் இடத்தை மாற்றும் சைட் ரொட்டேஷன். ஆயாம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார். ஒன்பது மார்க் போட்டேன்.

அடுத்து ஒரு பெண். பதற்றத்தில் பெயர் சொல்ல மறந்துவிட்டாள். "வீட்ல ஃப்ரிட்ஜ் இருக்காம்மா?" "இல்ல பாப்பா." கொஞ்சம் யோசித்தாள். மண்பானையில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு சின்ன டப்பாவுக்குள் மருந்தை நனையாமல் வைக்கலாம், அடுப்புப் பக்கமும் வெயில் படுகிற இடமும் கூடாது என்றாள். அப்புறம், "நான் சொன்னதை ஒரு தடவை நீங்க சொல்லுங்க" என்றாள். ஆயாம்மா பாதி சொல்லும்போதே மணி அடித்துவிட்டது. ஆறு மார்க். மண்பானைக்கு லிஸ்டில் கட்டம் இல்லையே!

2019இல் புதிய பாடத்திட்டத்தோடு ஏட்காம், அதாவது மனப்பாங்கும் நெறியும் நோயாளியோடு பேசுவதும் சொல்லித்தரும் பாடம், வந்ததை வரவேற்றவன் நான். நாங்கள் படிக்கும்போது நோயாளியோடு பேசுவதற்கென்று தனி வகுப்பே கிடையாது. தேர்வுக்கு வருகிற பழைய நோயாளியே, "மண்ணீரல் வீக்கம்னு எழுதிக்க தம்பி" என்று காதில் ஓதிவிடுவார்.

ஆனால் புரிந்ததா இல்லையா என்று நானா சொல்வது? 1963 வாக்கில் ஹோவர்ட் பாரோஸ் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர், நோயாளியாக நடிக்க ஆளைப் பழக்கி மாணவர்களைச் சோதித்தார். மாணவர் எப்படிச் செய்தார் என்று நடித்தவரையே குறித்துத் தரவும் சொன்னார். நாம் நடிக்க மட்டும் கூப்பிடுகிறோம், பேனாவைக் கொடுப்பதில்லை. பத்தில் இரண்டு மார்க்கை நோயாளியாக நடிப்பவரே போடட்டும் என்கிறேன் நான்.

இனிக்கப் பேசுகிறவனுக்கே மார்க் போய்விடும் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். போகட்டுமே, பத்தில் இரண்டுதானே. சொன்ன விஷயம் சரியா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

தேர்வு முடிந்ததும், "யார் நல்லா சொன்னாங்க?" என்று ஆயாம்மாவிடம் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "பேர் சொல்லலையே, அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு." கொஞ்சம் தயங்கிவிட்டு, "சார், நானும் ரெண்டு வருஷமா இன்சுலினை அடுப்பு மேல இருக்கிற பரண்லதான் வைக்கிறேன். பானைக்கு மாத்திடட்டா?" என்றார்.

அந்த இரண்டு வருடமும் அவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தது நான்தான்.