மிஸ்டர் மேஜிக்கை லாபி மியூசிக் என்று சொன்னவருக்கு

போன வாரம் வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர், ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்ததை ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "என்ன சார், ஹோட்டல் லாபியில உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு" என்றார். ஸ்மூத் ஜாஸ், அதாவது மென்மையாக்கிய ஜாஸ் இசை, கேட்கிறவர்களுக்கு இந்தக் கிண்டல் பழகிப்போன ஒன்றுதான். ஆனால் அப்போது ஓடியது அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் 'மிஸ்டர் மேஜிக்' ஆல்பம். வீடு தேடி வந்தவரிடம் மல்லுக்கு நிற்க முடியுமா, காபி கொடுத்து அனுப்பிவிட்டு இங்கே வந்து புலம்புகிறேன்.

1975இல் வந்த ஆல்பம். மொத்தமே நாலு பாட்டு, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. ஸ்மூத் ஜாஸ் என்ற பெயரே அப்போது புழக்கத்தில் இல்லை, எண்பதுகளின் கடைசியில் அமெரிக்க ரேடியோக்காரர்கள் ஒட்டிய லேபிள் அது. அந்த லேபிளோடு வந்த எத்தனையோ ஆல்பங்கள் லாபிக்குத்தான் லாயக்கு, மறுக்கவில்லை. அதற்காகப் பிள்ளைகள் செய்த தப்புக்கு அப்பனைப் பிடித்து அடித்தால் எப்படி?

இது ஆட வைக்கிற ஆல்பம். அந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் இரண்டு பேரைச் சொல்வேன். ஒருவர் டிரம்ஸ் வாசித்த ஹார்வி மேசன். 1973இல் ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹண்டர்ஸ்' ஆல்பத்தில் ஃபங்க் என்கிற ஆட்டத் தாளத்தைப் போட்டுப் புரட்டியவர் இவர்தான். இன்னொருவர் பெர்குஷன் வாசித்த ரால்ஃப் மெக்டொனால்ட். நியூயார்க் ஹார்லெமில் பிறந்தாலும் டிரினிடாட் குடும்பம், அப்பா அந்த ஊர் கலிப்சோ இசைப் பாடகர், இவரும் பாடகர் ஹாரி பெலஃபான்டே குழுவில் பல வருஷம் வாசித்தவர். ஆல்பத்துக்குப் பெயர் தந்த 'மிஸ்டர் மேஜிக்' பாட்டை வில்லியம் சால்டரோடு சேர்ந்து எழுதியதும் இவர்தான். தாளக்காரர் எழுதின பாட்டு, அதான் மெட்டை விட நடைதான் முதலில் காதில் ஏறுகிறது.

அந்தப் பாட்டு ஒன்பது நிமிடம். பேஸ் கிட்டார் ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வருகிறது, வேகமும் ரொம்ப நிதானம், அவசரமாக ஆட நினைத்தால் கால் முந்திக்கொண்டு போய்விடும். எரிக் கேல் கிட்டாரில் நாலு ஸ்வரம் சொல்லிவிட்டு நிறுத்துவார், அந்த இடைவெளியில் கீழே தாளம் மட்டும் ஓடும், இடுப்பு அசைவது அங்கேதான். குரோவரும் முதலில் மெட்டைச் சாதாரணமாகப் பேசுகிற மாதிரி வாசித்துவிட்டு, போகப் போகச் சூடேறி, கடைசியில் சாக்ஸபோனைக் கத்த விடுகிறார். எந்த லாபியில் இப்படிக் கத்த விடுவார்கள்?

வாஷிங்டன் டிசியில் 'கோ-கோ' என்று ஒரு நடன இசை இருக்கிறது, 2020இல் அந்த நகரத்தின் அதிகாரபூர்வ இசையாகவே அறிவித்துவிட்டார்கள். அதை உருவாக்கிய சக் பிரவுன், தன் தாளத்துக்கு இந்தப் பாட்டும் ஒரு தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு ஊரையே விடிய விடிய ஆட வைத்த தாளத்துக்கு இதில் பங்கு இருக்கிறது, நம்மாளுக்கு லாபி ஞாபகம் வருகிறது!

சரி, "ஆடலாம், ஆனா இது ஜாஸ் இல்லையே" என்று இன்னொரு கட்சி வரும். நியூ ஜெர்சியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் பதிவான ஆல்பம் இது. ஜாஸ் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' 1964இல் பதிவானதும் அங்கேதான், ஒலிப்பதிவும் அதே வான் கெல்டர்தான். கண் பரிசோதகராகத் தொழில் பார்த்த மனுஷன், ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகக் கேட்கிற மாதிரி பிடித்து வைத்திருக்கிறார்.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. இரண்டாவது பாட்டு, ஜாஸ் இசையமைப்பாளர் பில்லி ஸ்டிரேஹார்னின் 'பேஷன் ஃபிளவர்', என் நாக்குக்குச் சர்க்கரை ஒரு ஸ்பூன் கூட. இசைக்கோர்ப்பு பாப் ஜேம்ஸ், அவருக்கு அந்தப் பழக்கம் உண்டு. முதல் பாட்டு 'எர்த் டோன்ஸ்' பன்னிரண்டு நிமிடம் போகிறது, முதல் தடவை கேட்பவர்கள் அதில் களைத்துப் போகலாம். நேராக மூன்றாவது பாட்டான 'மிஸ்டர் மேஜிக்'கில் ஆரம்பியுங்கள், அப்புறம் 'பிளாக் ஃப்ராஸ்ட்', பிறகு வேண்டுமானால் திரும்பி வாருங்கள். தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், அதில் பேஸ் சுத்தமாகக் கேட்காது, பேஸ் கேட்காவிட்டால் நண்பர் சொன்னதுதான் சரி.

நான் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை சட்டைகளை அயர்ன் பண்ணும்போது இதைப் போடுவேன். இரண்டு வாரத்துக்கு முன் எரிக் கேல் வாசிக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஆடியதில் கை நின்றுவிட்டது, நீலச் சட்டையின் காலரில் பழுப்பாக ஒரு முக்கோணம். அந்தச் சட்டை இப்போது வீட்டில் மட்டும்.