இன்றிரவு கதிர் வருகிறதாம், செல்போனை அணைக்க வேண்டுமா?

‘இரவு 12.30 முதல் 3.30 வரை ஆபத்தான விண்வெளிக் கதிர்கள் பூமியருகே கடக்கும், செல்போனை அணையுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பொய்.

விண்வெளியில் வெகு தொலைவிலிருந்து சட்டெனப் பாயும் ஆற்றல்மிக்க கதிர்வீச்சான காமா கதிர் வெடிப்பையே எடுத்துக்கொள்வோம். ஒளி வேகத்தில் வரும் அதை முந்திக்கொண்டு எந்த எச்சரிக்கையும் வர முடியாது. குறுகிய வகை சுமார் 2 விநாடிக்குள் முடிந்துவிடும். பெரும்பாலானவை மூன்று மணி நேரமெல்லாம் நீடிப்பதில்லை. 2017 ஆகஸ்ட் 17 அன்று ஃபெர்மி விண்தொலைநோக்கியின் உணரிப் படிகங்கள் அப்படித்தான் சட்டென மின்னின. 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் (பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் மிக அடர்ந்த கரு) மோதியிருந்தன. அந்த மோதலில் எழுந்து, அதே ஒளி வேகத்தில் பரவும் வெளியின் அதிர்வான ஈர்ப்பலை வந்து 1.7 விநாடி கழித்து இந்தக் கதிர். எவ்வளவு அழகான கண்டுபிடிப்பு! தரையில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காமா கதிரை வளிமண்டலம் தடுத்துவிடுகிறது, அதனால்தான் கருவியையே மேலே அனுப்பியிருக்கிறார்கள்.

வீட்டில் முதியவர்கள் இருந்தால் இரவில் போன் அவசியம். அணைக்காதீர்கள்.