துடைப்பமும் குரூப் போட்டோவும் போதாது

சேவைவழிக் கற்றலால், அதாவது ஊருக்கான வேலையைச் செய்தபடியே பாடம் கற்பதால், மாணவருக்கும் ஊருக்கும் பயன் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான். ஆனால் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரத்தை நிரப்பிச் சான்றிதழ் வாங்குவதும் இதுவும் ஒன்றல்ல. பாடத்தோடு முடிச்சுப் போட்டால்தான் அது கற்றல்.

சென்னைக்குப் பொருத்தமான வேலை, வீடுகளின் மழைநீர் சேகரிப்பைச் சோதிப்பது. 2003-லேயே கட்டாயமாக்கியாச்சு, பல இடங்களில் வடிகட்டித் தொட்டியின் மேல்மணல் சேறு பிடித்து அடைத்துக் கிடக்கும். ஆகஸ்டிலேயே ஒரு தெருவை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிகளை டேப் வைத்து அளக்க வேண்டும். 1000 சதுர அடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். இந்தக் கணக்கை மாணவரே போட்டுக் காட்டினால் வீட்டுக்காரர் மணலை மாற்ற யோசிப்பார். தொட்டியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, அது இறங்கும் நேரத்தையும் குறிக்கலாம்.

சறுக்குவது, பலன் தெரிந்ததா என்று பார்க்கக் கிணற்று நீரின் டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) அளப்பதில்தான். டிசம்பரில் மட்டும் அளந்தால் மழைநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டக்கூடும். உடனே ‘திட்டம் வெற்றி’ என்று அறிக்கை! அதே கிணற்றை மே மாதமும் அளக்க வேண்டும். அப்போது செமஸ்டர் முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போயிருப்பார்கள். அதனால் அளவுகள் எழுதிய நோட்டை அடுத்த பேட்ச்சிடமும், ஒரு நகலைத் தெருக்காரரிடமும் கொடுத்துவைக்க வேண்டும்.