நாங்க வர்ற வரைக்கும் கை வைக்காதீங்க

வீட்ல யாராவது இறந்த இடத்துல சிந்தின ரத்தத்தைச் சுத்தம் பண்றதுதான் எங்க வேலை. எந்த இடத்துக்குப் போனாலும், நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள யாராவது ரத்தத்து மேல பிளீச்சை ஊத்தித் தேய்ச்சு வெச்சிருப்பாங்க. வீட்ல ஒருத்தரை இழந்துட்டு நிக்கிறவங்க, அதைப் பார்க்க முடியாமத்தான் பண்றாங்க. அவங்ககிட்ட கோபப்படவும் மனசு வராது. ஆனா இது ஆபத்துங்க!

வெந்நீர் பட்டா ரத்தக் கறை இன்னும் இறுகிப் பிடிச்சுக்கும். மேல துடைச்சதும் தரை பளிச்சுன்னு தெரியும். கார்பெட்டை உரிச்சா, அடியில இருக்கிற ஃபோம்ல மேல இருந்ததைவிடப் பெரிய கறை பரவிக் கிடக்கும். எதுவரைக்கும் ஊறியிருக்குன்னு காட்டுற தடத்தையே அழிச்சுட்டா, நாங்க எங்கே நிறுத்தி வெட்டுறது?

பிளீச்சை ரத்தத்து மேலயே ஊத்தினா அதோட வீரியம் அங்கேயே போயிடும். முதல்ல ரத்தத்தை எடுக்கணும். அப்புறம் 1 பங்கு பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணி கலந்து, 10 நிமிஷம் ஈரமாவே விடணும். கல்லீரலைத் தாக்குற ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ஞ்ச ரத்தத்துல குறைஞ்சது 7 நாள் தாக்குப்பிடிக்கும். அதை வெறுங்கையால துடைச்சிருக்காங்க! கூடவே அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரையும் ஊத்திட்டா, வர்றது குளோரமைன்ங்கிற நச்சு வாயு. நாங்க ரெஸ்பிரேட்டர், அதாவது காத்தை வடிகட்டுற முகக்கவசம், மாட்டிட்டு நுழையுற அறையில அவங்க ஜன்னலைக்கூட திறக்காம உட்கார்ந்திருக்காங்க.

துடைச்ச துணி எங்கேன்னு கேட்டா, "குப்பையில போட்டாச்சு"ம்பாங்க. அந்தப் பையை அள்ளப்போறவர் கையில ஒழுங்கான கையுறையாவது இருக்குமா?

கதவைச் சாத்திட்டு வெளியே இருங்கன்னு போன்லயே சொல்லிடுங்கன்னு ஆபீஸ்ல கெஞ்சிட்டே இருக்கேன். ஆபீஸ்காரங்க முதல்ல பேசுறது பில்லைப் பத்தித்தான்.