டார்கெட் மேலே, கையெழுத்து கீழே

வங்கியில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நெறிமுறைப் பயிற்சி என்று ஒன்று நடத்துவார்கள். வாடிக்கையாளர் தீபாவளிக்குப் பரிசு கொடுத்தால் வாங்கலாமா, சொந்தக்காரருக்குக் கடன் பரிந்துரைக்கலாமா என்றெல்லாம் கேட்பார்கள். இதற்குப் பதில் தெரியாமல் யாரும் வேலைக்கு வருவதில்லை. உண்மையில் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி அந்த வகுப்பில் வருவதே இல்லை. மாதக் கடைசி. கிளை விற்றுத்தர வேண்டிய இன்சூரன்ஸ் இலக்கில் இன்னும் மூன்று லட்சம் பிரீமியம் குறைகிறது. கணவரை இழந்த ஓர் அம்மா டெபாசிட்டைப் புதுப்பிக்க வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் பத்து வருட இன்சூரன்ஸ் பாலிசியை நீட்டுவதா, வேண்டாமா?

நான் பல வருடங்களாக வங்கியில் இருக்கிறேன். எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை. இந்த வேலையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் நான் சொல்லப்போவதையே சொல்வார்கள்.

காலையில் கிளை திறக்கும் முன்பே மேலிடத்திலிருந்து கான்ஃபரன்ஸ் கால் வந்துவிடும். "இன்னிக்கு எத்தனை பாலிசி?" ஒவ்வொரு கிளையும் ஓர் எண் சொல்ல வேண்டும். மதியம் வாட்ஸ்அப் குழுவில் பட்டியல் வரும், பூஜ்யம் போட்ட கிளைகளின் பெயர் சிவப்பில் இருக்கும். சாயங்காலம் மறுபடியும் போன். பொய் சொல்லி விற்கும்படி அந்தப் போனில் யாரும் சொல்வதில்லை. "எப்படியாவது முடிங்க" என்பார்கள், அவ்வளவுதான். அந்த "எப்படியாவது" என்பதற்கு என்ன பொருள் என்று முடிவுசெய்ய வேண்டியவர், கல்விக் கடனையே இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் இருபத்து நான்கு வயதுப் பையன்.

யாருடைய டெபாசிட் இந்த வாரம் முதிர்கிறது என்று அவன் கணினியில் தெரியும். கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவான்.

"அம்மா, இதுல எஃப்.டி.யை விட நல்லா வரும்."

"ஒரு தடவை கட்டினா போதுமா தம்பி?"

முழு விஷயமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. "இல்லம்மா, வருஷா வருஷம் கட்டணும். நடுவுல நிறுத்தினா போட்டது முழுசா திரும்ப வராது" என்று சொன்னால் அந்த அம்மா எழுந்து போய்விடுவார். அதனால் "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா" என்று சொல்லப்படுகிறது. படிவத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் அவர் கையெழுத்துப் போடுகிறார். அப்புறம் இன்னும் ஒரு வரி வரும்: "கம்பெனியிலேருந்து போன் வரும். எது கேட்டாலும் ஆமான்னு சொல்லிடுங்க." வாடிக்கையாளர் விவரம் புரிந்துதான் வாங்குகிறாரா என்று பார்ப்பதற்காக வைத்த போன் அது. அதற்கும் பதில் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது.

ஒரு வருடம் கழித்து இரண்டாவது பிரீமியத்துக்குக் குறுஞ்செய்தி வரும். பதறிப்போய்க் கிளைக்கு வருவார். அந்தப் பையன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருப்பான். அந்த நாற்காலியில் இருக்கும் புது ஆள் கோப்பை எடுத்துக் காட்டுவார்: "நீங்கதானேம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

அந்தப் பையன் செய்தது தப்பா? தப்புதான். அதை நான் மழுப்பவில்லை. நம்பி வந்த பெண்மணியின் சேமிப்பு அது. ஆனால் எல்லாக் கிளையிலும் இதே கதை நடக்கும்போது, எல்லாக் கிளையிலும் கெட்ட பிள்ளைகள்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று நான் நம்பத் தயாராக இல்லை. அலுவலகத்தில் 'அறச் சிக்கல்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, மேலே யாரோ கணக்குப் போட்டு எடுத்த முடிவு. அது படிப்படியாக இறங்கிவந்து, எதிர்த்துப் பேசும் பலமே இல்லாத ஆளின் மேஜையில் மனசாட்சிப் பிரச்சினையாக உட்கார்ந்துகொள்கிறது. லாபம் மேலே போகிறது, கையெழுத்து கீழே விழுகிறது.

அமெரிக்காவில் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்தது இதற்கு நல்ல சாட்சி. ஒரு வாடிக்கையாளருக்கு எட்டுக் கணக்கு, அட்டை, கடன் என்று விற்க வேண்டும் என்பது அங்கே இலக்கு. எட்ட முடியாத ஊழியர்கள், வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதத்தோடு விஷயம் வெளியே வந்தபோது, ஏறக்குறைய 5,300 பேரை ஏற்கெனவே வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். தலைமை அதிகாரி ஜான் ஸ்டம்ப் முதலில் பழியைப் போட்டது அந்த ஊழியர்கள் மேல்தான். அடுத்த மாதமே அவர் பதவி விலக வேண்டி வந்தது. 2020-ல் அவருக்கு 1.75 கோடி டாலர் அபராதம் போட்டு, வங்கித் தொழிலிலேயே இருக்கக் கூடாது என்று ஒதுக்கிவைத்தார்கள். வங்கிக்குள் மோசடி நடப்பதாகச் சந்தேகப்பட்டு, நிர்வாகத்திடமும் வங்கியின் நெறிமுறைத் தொலைபேசியிலும் புகார் சொன்ன ஒரு மேலாளரை 2010-ல் வேலையை விட்டே நீக்கியிருந்தார்கள். அவரைத் திரும்பச் சேர்க்கவும் 54 லட்சம் டாலர் கொடுக்கவும் அமெரிக்கத் தொழிலாளர் துறை உத்தரவிட்டது 2017-ல். ஏழு வருடம் அந்த மனிதர் என்ன பாடுபட்டிருப்பார்!

நம் ஊரில் இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. 2024 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே வங்கிகள் இன்சூரன்ஸைத் தவறாக விற்பதைப் பற்றி மேடையில் பேசினார். எடுத்துச் சொல்கிறவர்களுக்குப் பாதுகாப்பு என்ன இருக்கிறது? நிறுவனச் சட்டம் 2013, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் ஊழியர்கள் முறைகேட்டைத் தெரிவிக்க ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிறது. தனியார் வங்கிகளுக்கு இதற்கென்றே ரிசர்வ் வங்கியின் 2007-ஆம் ஆண்டுத் திட்டம் ஒன்று உண்டு. அரசு ஊழல்களைப் பற்றித் தகவல் தருவோரைப் பாதுகாக்க 2014-ல் நிறைவேற்றிய சட்டத்தையோ, பத்து வருடம் தாண்டியும் நடைமுறைக்கே கொண்டுவரவில்லை. இதில் எனக்கு ஆற்றாமை அதிகம். நேர்மையாக இரு என்று சொல்லும் நாடு, நேர்மையாக இருந்தவனுக்குப் பின்னால் வந்து நிற்க வேண்டாமா?

"பிடிக்கலைன்னா வேலையை விட்டுடு" என்று சொல்வார்கள். எனக்கு அந்த அறிவுரையில் உடன்பாடில்லை. மனசாட்சி உள்ளவர்கள் எல்லாரும் விட்டுப் போய்விட்டால் அடுத்த அம்மா யார் எதிரே உட்காருவார்? அதோடு, இஎம்ஐயும் வயதான பெற்றோரும் இருக்கும் பிள்ளைக்கு அது அறிவுரையே இல்லை. என் கிளையில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். ஒவ்வொரு பாலிசி விண்ணப்பத்தோடும் ஒரு வெள்ளைத் தாளில், எத்தனை வருடம், வருடம் எவ்வளவு, நிறுத்தினால் என்ன ஆகும் என்று தமிழில் தன் கையால் எழுதி, அதைப் படித்துக் காட்டி, ஒரு பிரதியை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவார். பட்டியலில் எப்போதும் கடைசியில்தான் இருந்தார், பதவி உயர்வும் தள்ளிப்போனது. ஆனால் அவர் விற்றதில் ஒன்றுகூடப் புகாராகத் திரும்பி வரவில்லை. மேலிடத்திலிருந்து வாய்வழியாக வரும் உத்தரவுகளுக்கும் "நீங்கள் சொன்னபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் போடுவார். அதன்பிறகு பல உத்தரவுகள் அவருக்கு வராமலே போயின.

இது ஒரு தனி மனுஷியின் தைரியம். அதை நம்பி ஓர் அமைப்பு நடக்கக் கூடாது என்பதுதான் என் வாதம். தவறாக விற்ற பாலிசியைப் பற்றி ஒரு புகார் நிரூபணமானால், விற்றவரின் பதிவேட்டில் மட்டுமல்ல, டார்கெட் போட்ட வட்டாரத் தலைவரின் மதிப்பெண்ணிலும் அது குறைய வேண்டும். அவருடைய போனஸிலும் கை வைக்க வேண்டும். அது நடந்தால் காலை நேரப் போனில் "எப்படியாவது" என்ற சொல் தானாகவே காணாமல் போகும்.

வாசிப்பவர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அப்பா அம்மாவின் பீரோவில் வங்கி மூலம் வாங்கிய பாலிசி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். பத்திரம் கைக்கு வந்ததிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். முன்பு பொதுவாக 15 நாளாக இருந்ததை 2024-ல் கூட்டினார்கள். சிறு பிடித்தங்கள் போக மீதி வந்துவிடும். கிளைக்கு நடையாய் நடக்காமல் நேராக இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கே எழுத்தில் கொடுங்கள். நாள் தாண்டியிருந்தால் வங்கிக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் புகார் எழுதுங்கள், பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போங்கள். புகாரில் விற்ற அதிகாரியின் பெயரோடு நிறுத்திவிடாமல், அந்த மாதம் அந்தக் கிளைக்கு எவ்வளவு டார்கெட் கொடுக்கப்பட்டது, கொடுத்தது யார் என்பதையும் விசாரிக்கும்படி ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.