மொட்டைமாடிக் கொடியில் பாதி

(ஜெருசலேம், நாஹ்லாவோத் பகுதி. வெள்ளிக்கிழமை மத்தியானம். யூத மதகுருவான ரப்பி ஆவதற்காக, தல்மூத் என்ற யூதச் சட்ட நூல் தொகுப்பைப் படிக்க அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய பையன் ஈரத்துணி வாளியோடு மாடியேறுகிறான். நாலு கொடியிலும் வீட்டுக்காரம்மாவின் துணி.)

பையன்: அம்மா, ஒரு கைக்குட்டை போடக்கூட இடமில்லையே!

வீட்டுக்காரம்மா: வெள்ளிக்கிழமை இந்நேரத்துக்கா வாளியைத் தூக்கிட்டு வருவாங்க? சூரியன் மறைய 40 நிமிஷம் இருக்கும்போதே இந்த ஊர்ல சபாத் ஓய்வுநாளுக்குச் சங்கு ஊதிடும். அப்புறம் பஸ்ஸே ஓடாது, நீ துணி துவைக்கப் போறியா?

பையன்: காலையில மஹானே யெஹூதா சந்தைக்குப் போய் மாட்டிக்கிட்டேன்மா. ஹல்லா ரொட்டி வாங்கப் போனவன், கூட்டம் தள்ளுன தள்ளுல அரைக்கிலோ ஆலிவோட வெளிய வந்தேன்.

வீட்டுக்காரம்மா: எந்தத் தொட்டியில கழுவின? பாலும் கறியும் கலக்கக் கூடாதே, பால் தொட்டியா, கறித் தொட்டியா?

பையன்: ஆலிவ் பாலும் இல்ல, கறியும் இல்லம்மா.

வீட்டுக்காரம்மா: பரவாயில்லை, இதாவது சொல்லிக் கொடுத்திருக்காங்க. அதுசரி, ராத்திரி உன் கூட்டாளியோட என்ன சண்டை? தெருவே கேக்குது.

பையன்: சண்டையில்லம்மா, தல்மூத் பாடம். ஜோடியா உட்கார்ந்து வாதாடித்தான் படிக்கணும். ஹவ்ரூத்தாம்பாங்க.

வீட்டுக்காரம்மா: எத்தனாவது பக்கம் ஓடுது?

பையன்: ரெண்டாவது.

வீட்டுக்காரம்மா: வந்து ஒரு மாசமாச்சே! போகட்டும், ஒரு பக்கமாவது நகர்ந்திருக்கே.

பையன்: (மெதுவாக) அந்தப் புத்தகம் ஆரம்பிக்கிறதே ரெண்டாம் பக்கத்துலதாம்மா.

வீட்டுக்காரம்மா: ஓஹோ. மொத்தம்?

பையன்: எல்லாப் புத்தகமும் சேர்த்து 2,711 தாள்.

வீட்டுக்காரம்மா: வாடகை ஒப்பந்தத்தை உன் பேரன் பேருலயே போட்டுடறேன்.

பையன்: கொடி விஷயத்துக்கு வாங்கம்மா. நாங்க படிக்கிறதே இதைத்தான். தல்மூத்துல பாபா மெட்ஸியாங்கிற புத்தகம், எடுத்த எடுப்புல: ஒரு துணியை ரெண்டு பேர் பிடிச்சிருக்காங்க. நான் கண்டெடுத்தேன்னு இவன், நான்தான்னு அவன். சத்தியம் பண்ணிட்டுப் பங்கு போட்டுக்கணும். எனக்குப் பேராசை இல்ல. கொடியில பாதி என்னது, அவ்வளவுதான்.

வீட்டுக்காரம்மா: பாதிதானா? யோசிச்சுச் சொல்லு.

பையன்: பாதி போதும்மா!

வீட்டுக்காரம்மா: எனக்கு முழுசும். இப்ப அடுத்த வரியைப் படி.

பையன்: அடுத்த வரிக்கு நாங்க இன்னும் வரல.

வீட்டுக்காரம்மா: வா.

பையன்: (வாளியை வைத்துவிட்டுப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, விரல் வைத்து) 'முழுசும் என்னதுன்னு ஒருத்தன், பாதி என்னதுன்னு இன்னொருத்தன்... முழுசு கேட்டவனுக்கு முக்கால். பாதி கேட்டவனுக்கு...' அம்மா!

வீட்டுக்காரம்மா: சத்தமாப் படி.

பையன்: கால்.

வீட்டுக்காரம்மா: ஒரு பாதி எனக்குன்னு நீயே விட்டுக்கொடுத்துட்டே. வழக்கு மிச்சப் பாதிக்குத்தான், அதுல ஆளுக்குச் சரிபாதி. எங்கப்பா எனக்குப் பத்து வயசுல சொல்லிக் கொடுத்தது.

பையன்: அப்ப நானும் முழுசும் என்னதுன்னு மாத்திச் சொல்றேன்!

வீட்டுக்காரம்மா: சத்தியம் பண்ணுவியா, ரப்பி?

பையன்: (பெருமூச்சு) சரி, நாலுல ஒண்ணு. எந்தக் கொடிம்மா?

வீட்டுக்காரம்மா: அந்தக் கடைசிக் கொடி. வரிசையாப் புறா உட்காருது பாரு, அது.