முற்பணம் வாங்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு திகதி சொல்லத் தெரியாதா?

“அடுத்த கிழமை கட்டாயம் வந்துடும் அண்ணா.”

இந்த வசனத்தை இன்னொரு தடவை கேட்டால் கடைக்குள்ளேயே நின்று கத்திவிடுவேன். நான் முற்பணம் கட்டிய கமரா லென்ஸ் தீபாவளிக்கு முதல் வந்துவிடும் என்றார்கள் கடையில். பிறகு கிறிஸ்மஸ் ஷிப்மன்டில் நிச்சயம் என்றார்கள். கிறிஸ்மஸ் போய், பொங்கலும் போய்விட்டது. இப்போது கேட்டால் சீனப் புத்தாண்டு லீவு முடியட்டுமாம். ஒவ்வொரு தடவையும் அதே சிரிப்பு, அதே “கட்டாயம்”. வட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரல் மட்டும் வருகிறது. அதற்கு என்ன அர்த்தம்? வந்துவிட்டது என்றா, வரும் என்றா, வாயை மூடு என்றா?

நான் ஓடர் கொடுத்தது 600 மில்லிமீட்டர் வரை போகும் ஒரு சூம் லென்ஸ். எந்தக் கம்பனி, எந்தக் கடை என்று எழுதப்போவதில்லை. கொழும்பில் கமரா சாமான் வாங்குகிற யாரைக் கேட்டாலும் இதே கதையைத் தங்கள் கடையின் பெயர் போட்டுச் சொல்வார்கள்.

லென்ஸ் தாமதமாவது எனக்கு விளங்காத விடயம் அல்ல. அதற்காக நான் கொதிக்கவும் இல்லை. 600 மி.மீ. லென்ஸின் முன் கண்ணாடி உள்ளங்கை அகலம் இருக்கும். உள்ளே நிறம் பிரிந்து ஓரங்களில் ஊதா கசியாமல் தடுக்கிற ஈடி கண்ணாடிகள் வேறு. அந்தக் கண்ணாடியை உருக்கி, அவசரமே படாமல் ஆறவிட்டு, அரைத்து, மெருகேற்றி, பூச்சுக் கொடுத்து, ஒவ்வொன்றையும் மையம் பிசகாமல் பொருத்த வேண்டும். ஆட்களைக் கூட்டி இரவு பகலாக வேலை வாங்கினாலும் கண்ணாடி தன் நேரத்துக்குத்தான் ஆறும். அதோடு புது மொடல் அறிவித்த உடனே உலகம் முழுக்க ஒரே நேரத்தில் ஓடர் குவிகிறது. 2015 இல் நிக்கோனின் 200-500 மி.மீ. லென்ஸ் வந்தபோது இப்படித்தான் இழுபட்டது. 2018 ஓகஸ்டில் அதே கம்பனி எடை குறைந்த 500 மி.மீ. லென்ஸ் ஒன்றை அறிவித்தது. ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான எடையில் 500 மி.மீ. என்றதும் பறவைப் படம் எடுக்கிறவர்கள் எல்லோரும் பாய்ந்து விழுந்தார்கள், சாமான் போதவில்லை. 2023 நவம்பரில் கனன் அறிவித்த 200-800 மி.மீ. லென்ஸுக்கும் பலர் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

ஆனால் 2018 இல் நடந்த இன்னொன்றையும் பாருங்கள். எதிர்பார்த்ததைவிட அதிக ஓடர் வந்துவிட்டது, தாமதமாகும், மன்னிக்க வேண்டும் என்று கம்பனியே பகிரங்கமாக அறிவித்தது. வாங்க இருந்தவனுக்கு நிலைமை தெரிந்தது. நிற்பவன் நின்றான், போகிறவன் போனான். அப்படி ஒரு சொல், ஒரே ஒரு நேர்மையான சொல், எனக்கு வந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

என் ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். மஞ்சள் கார்பன் பிரதி, பாதி எழுத்து மங்கிவிட்டது. முற்பணத் தொகை மட்டும் அழுத்தி எழுதியதால் தெளிவாகத் தெரிகிறது. ‘ஒப்படைக்கும் திகதி’ என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. கீழே ஊதா மையில் ஒரு முத்திரை: மிகுதிப் பணம் பொருளைப் பெறும் நாளின் டொலர் பெறுமதிப்படி அறவிடப்படும். அதாவது திகதி நிச்சயமில்லை, விலை நிச்சயமில்லை. நிச்சயமான ஒன்றே ஒன்று, என் காசு அவர்களுடைய லாச்சிக்குள் போனது. இது என்ன ஒப்பந்தம்? ஒரு பக்கத்தை மட்டும் கட்டிப்போடுகிற காகிதத்துக்கு ரசீது என்று பெயரா?

டொலர் கதை இந்த நாட்டில் சும்மா கதை அல்ல. 1,700 டொலர் லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டொலர் 200 ரூபாயாக இருந்த காலத்தில் அது 3,40,000 ரூபாய். 2022 இல் டொலர் 360 ஐத் தொட்டபோது அதே லென்ஸ் 6,12,000 ரூபாய். இப்போதும் டொலர் பத்து ரூபாய் ஏறினால் 17,000 ரூபாய் என் தலையில் விழும். அதன் மேல் 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதமாகிவிட்ட வற் வரி. அதுவும் போதாதென்று 2022 ஒக்டோபரில் வந்த சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி. தாமதம் அவர்களுடையது, தாமதத்தால் வரும் நட்டம் மட்டும் என்னுடையதா? மாதச் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துச் சேர்த்த காசு இது. வங்கியில் கிடந்திருந்தால் ஏதோ வட்டியாவது வந்திருக்கும்.

2022 இல் இந்த ஊரில் காஸ் சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் நின்றவர்கள் நாங்கள். வரிசை என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த வரிசையில் கூட முன்னால் எத்தனை சிலிண்டர் நிற்கிறது என்று கண்ணால் எண்ணலாம். லொறி வந்ததா இல்லையா என்று தெரியும். இடையில் யாராவது புகுந்தால் நாலு பேர் சேர்ந்து சத்தம் போடலாம். இந்த லென்ஸ் வரிசையில் என் முன்னால் மூன்று பேரா, முப்பது பேரா? கேட்டால் “நீங்கதான் அண்ணா அடுத்தது” என்கிறார்கள். என்னோடு பழக்கமான இன்னொருவரும் அதே கடையில் அதே லென்ஸுக்குக் காசு கட்டியிருக்கிறார். அவரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் எப்படி அடுத்த ஆள் ஆவது?

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. டிசம்பரில் ஒரு லென்ஸ் வந்திருக்கிறது. கடையில் நிற்கிற தம்பி வாய்தவறிச் சொல்லிவிட்டான். முழுக்காசோடு வந்த ஒருவருக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்களாம். அந்தத் தம்பியில் எனக்குக் கோபமில்லை, பாவம், அவன் சம்பளத்துக்கு நிற்கிறவன், மேலே இருப்பவர் சொல்லச் சொன்னதைச் சொல்கிறான். ஆனால் முற்பணம் கட்டியவன் ரசீதோடு வெளியே நிற்க, கட்டாதவன் லென்ஸோடு வீட்டுக்குப் போவது எந்த ஊர் நியாயம்?

வீட்டில் கேட்கிறார்கள், ஒரு லென்ஸுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று. ஆமாம், இதற்குத்தான். பறவைகள் கடைக்காரரின் ஷிப்மன்டுக்குக் காத்திருப்பதில்லை. மத்திய ஆசிய வழித்தடத்தில் இறங்கி வருகிற வலசைப் பறவைகளின் கடைசித் தரிப்பிடம் இந்தத் தீவு. செப்டெம்பர், ஒக்டோபர் அளவில் வரத் தொடங்கும், ஏப்ரல் அளவில் போய்விடும். மன்னாரில், 2010 இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் அறிவிக்கப்பட்ட வங்காலைப் பக்கம், இப்போதுதான் பூநாரைகள் ஆழமில்லாத தண்ணீரில் கூட்டமாக நிற்கிற காலம். கிட்டப் போக முடியாது, போகவும் கூடாது. ஒரு கூட்டம் வெருண்டு எழுந்தால் அதன் மேய்ச்சல் கெட்டது. தூரத்திலிருந்து எடுக்கத்தான் நீண்ட லென்ஸ். அந்தத் தூரத்தை மதிக்கிறவனுக்குத்தான் இந்தச் சாமான் தேவைப்படுகிறது.

மன்னார் வரை போக வேண்டாம், கொழும்பையே எடுங்கள். 2018 இல் ராம்சார் ஈரநிலநகர் என்று உலகின் முதல் தொகுதி நகரங்களோடு சேர்த்து அங்கீகரிக்கப்பட்ட நகரம் இது. தலங்கம குளத்தில் தாமரை இலைகளுக்கு மேலே நீளவால் இலைக்கோழி நடந்து போவதைப் பாருங்கள். அந்த நீண்ட விரல்களை விரித்து, ஒவ்வொரு இலையாக அமர்த்தி அமர்த்தி அது வைக்கிற அடி! இலையின் ஓரம் தண்ணீருக்குள் ஒரு நூல் அளவு அமிழும், அதற்குள் அது அடுத்த இலைக்குப் போயிருக்கும். என்னிடம் இருக்கிற 300 மி.மீ. லென்ஸில் அந்தப் பறவை சட்டத்தின் நடுவில் ஒரு விரல்நகம் அளவுதான். 600 என்றால் அதே இடத்தில் நின்று பரப்பில் நான்கு மடங்கு கிடைக்கும். இப்போது நான் செய்வது என்ன? 24 மெகாபிக்சல் படத்தை வெட்டி 6 மெகாபிக்சல் ஆக்குகிறேன். கழுத்தின் பின்புறம் இருக்கிற அந்தப் பொன் மஞ்சள் இறகுகள் ஒன்றாகக் கரைந்து களியாகத் தெரிகிறது. விரலுக்கும் இலைக்கும் நடுவில் எல்லையே இல்லை. ஒரு பருவம் முழுக்க எடுத்த படங்கள் இப்படிப் போய்விட்டன. அடுத்த பருவம் வரும், சரி. இந்தப் பருவத்தை யார் எனக்குத் திருப்பித் தருவார்கள்?

ஆளுக்கொரு புத்திமதி வேறு. “இவ்வளவு நாள் பொறுத்தாய்தானே மச்சான், இன்னும் கொஞ்சம் பொறு.” “டுபாயில் இருக்கிற ஆள் வரும்போது கொண்டுவரச் சொல்லு.” டுபாயிலிருந்து வருகிற பெட்டிக்கு இங்கே வொரன்டி பார்ப்பது யார்? விமான நிலையத்தில் சுங்கம் என்ன கேட்கும் என்ற பயத்தோடு இரண்டு கிலோ கண்ணாடியை இன்னொருவர் கைப்பையில் ஏற்றிவிட எனக்கு மனமில்லை. அவர் ஊருக்கு வருவது தன் அம்மாவைப் பார்க்க. என் சாமான் சுமக்க அல்ல.

பழைய லென்ஸ் வாங்கு என்பவர்கள் சொல்வதில் மட்டும் விடயம் இருக்கிறது. சிக்மா, டாம்ரோன் இரண்டு கம்பனிகளும் 150-600 மி.மீ. லென்ஸ் செய்திருக்கின்றன, பத்து வருடமாக ஆட்கள் பாவிக்கிறார்கள், நல்ல படம் வரும். பழைய வகைக் கமராவுக்குச் செய்ததை இப்போதைய மிரர்லெஸ் கமராவில் மாட்ட அடாப்டர் போட வேண்டும், பறக்கிற பறவையில் ஓட்டோபோகஸ் சற்றுத் தடுமாறும். அதுகூடப் பரவாயில்லை. பெரிய பயம் பங்கஸ், கண்ணாடிக்குள் வளர்கிற பூஞ்சணம். கொழும்புக் காற்றின் ஈரத்தில் அலுமாரிக்குள் கிடந்த லென்ஸ் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பின்பக்க மூடியைக் கழற்றி, அப்பர்ச்சரைத் திறந்து, போன் டோர்ச்சை ஒரு பக்கம் சரித்துப் பிடித்துப் பாருங்கள். கண்ணாடியின் ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்லிய வெள்ளை நூல்கள் ஓடியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அப்படிப் பார்த்தும் சுத்தமாக இருக்கிற ஒன்று தெஹிவளையில் ஒருவரிடம் இருக்கிறது. ஈரம் ஏறாத ட்ரை கபினட்டில் வைத்து வளர்த்திருக்கிறார். விலையும் நியாயம்.

அப்படியானால் ஏன் இதுவரை வாங்கவில்லை என்று கேட்கலாம். அங்கேதான் என் வயிறு எரிகிறது. “மார்ச் மாதம்தான் வரும்” என்று முதல் நாளே சொல்லியிருந்தால் அன்றைக்கே தெஹிவளைக்குப் போயிருப்பேன். “எப்போது என்று தெரியாது” என்று சொல்லியிருந்தாலும் போயிருப்பேன். “அடுத்த கிழமை” என்று சொன்னால் எவன் போவான்? ஒரு கிழமைக்காக யாரும் ஓடரை ரத்துச் செய்வதில்லை. அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் மூன்று மாதத்தை மூன்று மாதம் என்று சொல்லாமல், கிழமை கிழமையாக வெட்டி வெட்டிக் கொடுக்கிறார்கள். காத்திருப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க எனக்கு உரிமை இருக்கிறது. அந்த முடிவை எடுக்கத் தேவையான ஒரே தகவலை ஒளித்துவைத்து, எனக்குப் பதிலாக அவர்களே முடிவெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். என் காசை வைத்து!

எங்களைப் போன்ற சின்னச் சந்தைக்குக் கம்பனி கொஞ்சமாகத்தான் அனுப்பும், பெரிய நாடுகளுக்குத்தான் முதலில் போகும் என்கிறார்கள். இருக்கட்டும். அதையே முகத்துக்கு நேரே சொல்லுங்களேன். “வருடத்துக்கு இத்தனைதான் வரும், உங்களுக்கு முன்னால் இத்தனை பேர், விரும்பினால் நில்லுங்கள்” என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள். ஒரு கடைக்கும் இதில் சதம் செலவில்லை. ஒரு கொப்பியும் பேனையும் போதும்.

நான் முடிவெடுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலையில் போகிறேன். வரிசையில் என் இலக்கம், வரும் மாதம், இன்றைய விலையில் மிகுதிப் பணம், இந்த மூன்றையும் கடைத் தாளில் எழுதி முத்திரை குத்தித் தந்தால் ஏப்ரல் வரைக்கும் நிற்கிறேன். “அடுத்த கிழமை” என்று வாய் திறந்தால் அங்கேயே முற்பணத்தைத் திருப்பிக் கேட்கிறேன், அதையும் எழுத்தில் கேட்டு ஒரு பிரதி என்னிடம் வைத்துக்கொள்கிறேன். அதற்கும் இழுத்தடித்தால் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு. தெஹிவளைக்காரரிடம் செவ்வாய்க்கிழமை வரைக்கும் லென்ஸை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு சதம் முற்பணம் கேட்கவில்லை. “செவ்வாய் பின்னேரம் ஆறு மணி வரைக்கும் வைத்திருக்கிறேன் தம்பி, அதுக்குப் பிறகு வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்” என்றார். திகதி, நேரம், எல்லாம் ஒரே வசனத்தில்.